உள்ளுறை சார்ம்: ஒரு சான்றும் அதன் எடையும்

2022 ஆகஸ்ட் மாதம் 'நேச்சர்' அறிவியல் இதழில் துகள் இயற்பியல் சார்ந்த கட்டுரையொன்று வெளியாயிற்று. சார்ம் என்னும் கனத்த குவார்க், மோதலுக்கு முன்னரே புரோட்டானுக்குள் உறைந்திருக்கிறது என்பது அதன் வாதம். எழுதியோர் என்.என்.பி.டி.எஃப். என்று சுருக்கமாக அழைக்கப்படும் ஐரோப்பிய ஆய்வுக் குழுவினர். செய்தித்தாள்களோ அந்த நீண்ட வாதத்தை ஒற்றை வாக்கியமாகச் சுருக்கிக்கொண்டன: புரோட்டான் தன்னைவிடக் கனமான ஒரு பொருளைத் தனக்குள் சுமக்கிறது! வியப்பூட்டும் வாக்கியந்தான். ஆயினும், கட்டுரை எழுப்பிய உண்மையான வினாவை அது மறைத்துவிட்டது. ஒரு பொருளுக்குள் 'இருப்பது' எது, நாம் தொட்டதனால் அங்கே 'தோன்றுவது' எது என்பதே அந்த வினா. அதற்கு ஆசிரியர்கள் தரும் விடை எவ்வளவு உறுதியானது, அவர்கள் கையாளும் சொற்கள் அவ்வுறுதியின் அளவோடு பொருந்துகின்றனவா என்பதை ஆராய்வதே இங்கு நம் நோக்கம்.

பின்னணியைச் சற்று விரித்துரைக்க வேண்டியிருக்கிறது. 1964ஆம் ஆண்டு முர்ரே கெல்-மானும் ஜார்ஜ் ஸ்வைக்கும் தனித்தனியே குவார்க்கு என்னும் கருத்தை முன்வைத்தனர். இரண்டு மேல் குவார்க்குகள், ஒரு கீழ்க் குவார்க்கு. இம்மூன்றும் சேர்ந்தது புரோட்டான். பள்ளிப் பாடநூல்கள் இன்றளவும் இவ்வளவில் நின்றுவிடுகின்றன. 1960களின் இறுதியில் கலிஃபோர்னியாவின் ஸ்டான்ஃபோர்டு முடுக்கியில் எலெக்ட்ரான்களைப் புரோட்டான்கள்மீது எய்து பார்த்தபோது, உள்ளே புள்ளி போன்ற சிறு துகள்கள் இருப்பது புலப்பட்டது. அச்சோதனையை நடத்திய ஃப்ரீட்மன், கெண்டல், டெய்லர் ஆகிய மூவருக்கும் 1990இல் நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் அதே வகைச் சோதனைகளின் கணக்கு வேறொன்றையும் காட்டிற்று. குவார்க்குகள் சுமக்கும் உந்தத்தையெல்லாம் கூட்டினாலும் புரோட்டானின் மொத்த உந்தத்தில் ஏறத்தாழப் பாதிதான் தேறியது. மீதிப் பாதி, குவார்க்குகளைப் பிணைத்து நிற்கும் குளூவான்களுக்கு உரியது என்பது பின்னர்த் தெளிவாயிற்று. அக்குளூவான்கள் ஓயாமல் குவார்க்கு, எதிர்க்குவார்க்கு இணைகளாகப் பிரிந்தும் மீண்டும் ஒன்றியும் வருகின்றன. ஆகவே புரோட்டான் என்பது மூன்று மணிகள் கிடக்கும் ஒரு பை என்னும் சித்திரம் அரை நூற்றாண்டுக்கு முன்பே காலாவதியாகிவிட்டது. பாடநூல்கள் அதை விட்டபாடில்லை என்பது தனியாகப் பேசப்பட வேண்டிய செய்தி.

'தன்னைவிடக் கனமான பொருள்' என்னும் தலைப்புச் செய்தியை முதலில் தீர்த்துவிடலாம். புரோட்டானின் நிறை ஏறத்தாழ 93.8 கோடி எலெக்ட்ரான் வோல்ட்டு; சார்ம் குவார்க்கின் நிறை ஏறத்தாழ 127 கோடி எலெக்ட்ரான் வோல்ட்டு. சிறிய பெட்டிக்குள் பெரிய பெட்டி எப்படி அடங்கும் என்று கேட்பது இயல்பே. ஆனால் நிறை என்பது இவ்வுலகில் உறுப்புகளைக் கூட்டி வரும் தொகையன்று. இரண்டு மேல் குவார்க்குகளின் நிறையையும் ஒரு கீழ்க் குவார்க்கின் நிறையையும் கூட்டினால் புரோட்டானின் நிறையில் நூற்றில் ஒரு பங்குதான் வரும். எஞ்சியது குவார்க்குகளின் இயக்கத்திலிருந்தும் குளூவான் புலத்தின் ஆற்றலிலிருந்தும் வருகிறது. இலேசான குவார்க்குகளே கூட்டலுக்கு அடங்காதபோது, கனத்த குவார்க்கு அடங்கவில்லை என்று வியப்பதில் பொருளில்லை. குவாண்டம் விதிகளின்படி புரோட்டானின் அலைச்சார்பு பல நிலைகளின் கலவை. அவற்றுள் ஒரு நிலையில், மிகச் சிறு நிகழ்தகவோடு, சார்ம் குவார்க்கும் அதன் எதிர்க்குவார்க்கும் இடம்பெறலாம். கலவையின் மொத்த ஆற்றல் எப்போதும் புரோட்டானின் ஆற்றலே; அதில் ஒரு மாற்றமுமில்லை. சார்ம் அங்கே இருத்தல் கூடும் என்பதில் அறிஞரிடையே கருத்து வேற்றுமை இல்லை. எவ்வளவு, எவ்வழியில் வந்தது என்பவற்றிலேதான் பூசல்.

சார்ம் என்னும் சொல்லைப் பற்றி ஒரு குறிப்பு. தமிழில் இதனைக் 'கவர்ச்சி' என்று பெயர்ப்போர் உண்டு. ஆங்கிலத்தில் அச்சொல்லுக்கு வசீகரம் என்பதோடு, தீங்கைத் தடுக்கும் தாயத்து என்ற பொருளும் உண்டு. இயற்பியலில் அதற்குப் பொருந்துவது இரண்டாம் பொருளே. 1964இல் பியார்க்கனும் கிளாஷோவும் நான்காவது குவார்க்கு ஒன்றைக் கற்பித்து இப்பெயரைச் சூட்டினர். 1970இல் கிளாஷோ, இலியோபூலோஸ், மையானி ஆகிய மூவரும் அந்நான்காம் குவார்க்கு இருந்தால், கோட்பாடு அனுமதித்தும் இயற்கையில் காணக்கிடைக்காத சில சிதைவுகள் தாமாகவே நீங்கிவிடும் என்று காட்டினர். நம் வாசகர்கள் நன்கறிந்த அப்துஸ் சலாமும் ஸ்டீவன் வைன்பர்க்கும் வகுத்த மின்காந்த, மென்விசை ஒருமைக் கோட்பாடு முதலில் எலெக்ட்ரான் குடும்பத்தைப் பற்றியே பேசிற்று. அதைக் குவார்க்குகளின் உலகுக்கும் விரிக்க முற்பட்டபோது வழிமறித்த இடர் இதுவே. சார்ம் என்னும் தாயத்து அதை அகற்றியது. 1974 நவம்பரில் பர்ட்டன் ரிக்டர், சாமுவேல் டிங் ஆகியோர் தலைமையிலான இரு குழுக்கள் அதனைக் கண்டறிந்தன. சலாம், கிளாஷோ, வைன்பர்க் மூவரும் 1979இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டபோது சார்ம் ஐயத்துக்கு அப்பாற்பட்ட உண்மையாகிவிட்டிருந்தது.

இனிப் பூசலுக்கு வருவோம். கிணற்றில் வாளியை விட்டு நீர் இறைக்கிறோம். வாளியில் கலங்கல் வருகிறது. அந்தக் கலங்கல் நீரில் முன்பே இருந்ததா, வாளி அடித்த அடியில் கிளம்பியதா? புரோட்டானில் காணப்படும் சார்ம் பற்றிய கேள்வியும் இத்தகையதே. புரோட்டானை எவ்வளவு வலிந்து தாக்குகிறோமோ அவ்வளவு நுண்ணிய கால அளவில் அதன் உள்ளே நடப்பவை தெரியும். அந்நுண்ணிய கணத்தில் ஒரு குளூவான் சார்ம் இணையாகப் பிரிந்து நிற்பதை நாம் பிடித்துவிடலாம். இதனைப் புறவரவுச் சார்ம் எனலாம். இது குளூவானின் பிள்ளை. குளூவான்களுள் பெரும்பாலானவை புரோட்டானின் உந்தத்தில் மிகச் சிறு பங்கையே சுமப்பதால், இப்பிள்ளைகளும் சிறு உந்தத்தோடுதான் இருக்கும். இதன் அளவைக் கோட்பாட்டைக் கொண்டே கணக்கிட்டுவிடலாம். அனுபவத்தால் நிரப்ப வேண்டிய இடம் எதுவும் இல்லை.

புறவரவு என்றதும் இதை அற்பமாக எண்ணிவிடலாகாது. ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் 1992 முதல் 2007 வரை இயங்கிய ஹெரா மோதுவியில் எலெக்ட்ரானும் புரோட்டானும் மோதின. குறைந்த உந்தப் பங்கும் மிகுந்த தாக்கு வன்மையும் சேர்ந்த பகுதியில், அங்கு நிகழ்ந்த சிதறல்களில் கால் பங்கு வரை சார்ம் குவார்க்குகளால் வந்தவை. சார்மைக் காட்டிலும் மூன்று மடங்குக்கு மேல் கனமான, 418 கோடி எலெக்ட்ரான் வோல்ட்டு நிறையுள்ள பாட்டம் குவார்க்கின் கதை இன்னும் சுவையானது. டாப் குவார்க்கு இணையாக அன்றித் தனியாகப் பிறக்கும் ஒரு வினை உண்டு. ஒரு புரோட்டானிலிருந்து வரும் இலேசான குவார்க்கு டபிள்யூ துகள் ஒன்றை வீச, மறு புரோட்டானிலுள்ள பாட்டம் குவார்க்கு அதனை ஏற்று டாப்பாக மாறுகிறது. தனி டாப்பு பிறப்பதை 2009இல் அமெரிக்காவின் ஃபெர்மி ஆய்வுக்கூடக் குழுக்கள் உறுதிசெய்தன. ஜெனீவாவின் பெரும் ஹாட்ரான் மோதுவியில் தனி டாப்பு பிறக்கும் வழிகளுள் முதன்மையானது மேற்சொன்ன இவ்வினையே. புரோட்டானைப் போல் நான்கு மடங்கு கனத்த குவார்க்கு புரோட்டானிலிருந்து புறப்பட்டு வந்து, அதனினும் நாற்பது மடங்கு கனத்த மற்றொன்றாக மாறுகிறது! இதை எந்தச் செய்தித்தாளும் தலைப்பாக்கவில்லை. இயற்பியலாளருக்கு இது அன்றாடக் கணக்கு. 'தன்னைவிடக் கனமான பொருள்' என்னும் வியப்பு 2022ஆம் ஆண்டுக் கட்டுரைக்கு எவ்வகையிலும் தனிச்சிறப்பு அன்று என்பதற்கு இதைவிட வேறு ஆதாரம் வேண்டியதில்லை.

அக்கட்டுரைக்குத் தனிச்சிறப்பானது, புறவரவுக்கு அப்பால் உள்ளுறைச் சார்ம் ஒன்று உண்டு என்னும் கூற்று. அதன் மூலம் 1980இல் இருக்கிறது. அப்போது ஜெனீவாவின் செர்ன் ஆய்வுக்கூடத்தில் புரோட்டான் கற்றைகள் இரண்டு குறுக்கிட்டு மோதும் வளையங்கள் இயங்கிவந்தன. கற்றையின் திசையை ஒட்டி, மிகுந்த உந்தத்தோடு வெளிவந்த சார்ம் துகள்கள் எதிர்பார்த்ததைவிட மிகுதியாகத் தென்பட்டன. ஸ்டான்லி பிராட்ஸ்கி, பால் ஹோயர், பீட்டர்சன், சகாய் ஆகிய நால்வர் அதற்கொரு விளக்கம் தந்தனர். மேல், மேல், கீழ் ஆகிய மூன்றோடு சார்மும் அதன் எதிர்க்குவார்க்கும் சேர்ந்த ஐந்து குவார்க்கு நிலை புரோட்டானின் அலைச்சார்பில் நிலையாகவே கலந்திருக்கிறது. அதன் நிகழ்தகவு நூற்றில் ஒன்றளவு இருக்கலாம் என்றனர். இந்நிலையில் சார்ம் இணை ஒற்றைக் குளூவானின் பிள்ளையாக இல்லாமல், பல குவார்க்குகளோடும் ஒருங்கே பிணைக்கப்பட்டிருக்கும். சேர்ந்து செல்லும் ஐந்தும் ஏறத்தாழ ஒரே வேகத்தில் சென்றாக வேண்டும். இல்லையேல் கூட்டம் கலைந்துவிடும். ஒரே வேகத்தில் செல்லும் கூட்டத்தில் கனத்தவரே மிகுந்த உந்தத்தைச் சுமப்பர். எனவே உள்ளுறைச் சார்ம் புரோட்டானின் உந்தத்தில் பெரும் பங்கைத் தாங்கி நிற்கும். அவர்களுடைய வாதத்தின் அழகு இதில்தான் இருக்கிறது. புறவரவு சிறு உந்தத்தில் குவிகிறது. உள்ளுறை பெரு உந்தத்தில் குவிகிறது. இரண்டையும் பிரித்தறிய இயற்கையே ஒரு வழியை விட்டுவைத்திருக்கிறது.

இவ்வகைக் கலப்பின் நிகழ்தகவு நிறையின் இருமடியோடு தலைகீழ் விகிதத்தில் குறையும் என்பது கோட்பாட்டின் மதிப்பீடு. எனவே பாட்டம் குவார்க்குக்குச் சார்மின் பத்தில் ஒரு பங்களவே எதிர்பார்க்கலாம். டாப்பைப் பற்றிப் பேச்சே இல்லை. உள்ளுறைக் கனத்த குவார்க்கு என்னும் கருத்து பிழைப்பதும் மாய்வதும் சார்மில்தான்.

அடுத்து வந்த நாற்பதாண்டு வரலாறு ஏமாற்றங்களின் வரலாறு. 1980களின் தொடக்கத்தில் ஐரோப்பிய மியூவான் கூட்டுக்குழு என்னும் அமைப்பு, செர்னில் மியூவான்களை இரும்பின்மீது எய்து சார்ம் பிறப்பதை அளந்தது. 1983இல் வெளியான அவ்வளவீட்டில், பெரு உந்தப் பகுதியில் குளூவான் பிரிவால் மட்டும் விளக்கவொண்ணாத மிகை காணப்பட்டது. உள்ளுறைக் கட்சியினர் அதனைப் பற்றிக்கொண்டனர். ஆனால் அப்பகுதியில் தரவுப் புள்ளிகள் மிகச் சில. இலக்கு தனிப் புரோட்டானன்று, இரும்பு அணுக்கரு. சார்ம் நேரடியாகப் பிடிபடவுமில்லை. அதன் சிதைவில் வந்த மியூவான்களைக் கொண்டு ஊகிக்கப்பட்டது. 2015இல் ஹிமெனஸ்-டெல்காடோ, ஹாப்ஸ், லண்டர்கன், மெல்னிச்சோக் ஆகியோர் குறைந்த ஆற்றல் சோதனைகளையும் சேர்த்து ஆராய்ந்து, உள்ளுறைச் சார்ம் சுமக்கும் உந்தம் மொத்தத்தில் அரை விழுக்காட்டுக்கு மேற்படாது என்றனர். ஐரோப்பிய மியூவான் தரவுகள் உள்ளுறையின் பக்கம் சாய்கின்றனவெனினும், எந்தக் கணிப்போடும் ஒழுங்காகப் பொருந்தவில்லை என்பதையும் எடுத்துக்காட்டினர். பிராட்ஸ்கி தரப்பு இம்முறையைக் கடுமையாக மறுத்தது. வழக்கு தீரவில்லை.

இந்நிலையிலேதான் 2022ஆம் ஆண்டுக் கட்டுரை வருகிறது. இதன் முறை முந்தையோர் முறையினின்று வேறானது. முந்தையோர் உள்ளுறைச் சார்முக்கு ஒரு வடிவத்தை முன்கூட்டியே எடுத்துக்கொண்டு, அதன் அளவை மட்டும் தரவுகளைக் கேட்டு நிர்ணயித்தனர். என்.என்.பி.டி.எஃப். குழுவினர் வடிவத்தையே தரவுகளிடம் விட்டுவிட்டனர். பல பத்தாண்டுகளில் பல மோதுவிகளில் திரண்ட நாலாயிரத்துக்கும் மேற்பட்ட அளவீடுகளைச் செயற்கை நரம்புப் பின்னல்களுக்குப் பயிற்றுவித்து, மற்றக் குவார்க்குகளைப் போலவே சார்மின் உந்தப் பரவலையும் கண்டறியச் செய்தனர். இவ்வாறு கிடைப்பது மொத்தச் சார்ம். அதாவது கிணற்றுக் கலங்கல் முழுவதும். அதிலிருந்து குளூவான் பிரிவால் வந்த பங்கைக் கோட்பாட்டின்படி கணக்கிட்டுக் கழித்தனர். கழித்தபின் மிஞ்சியது உள்ளுறை.

மிஞ்சிய அந்த எச்சத்தின் வடிவம் வியப்புக்குரியது. பெரு உந்தப் பகுதியில் ஒரு மேடு எழுகிறது. 1980இல் நால்வரும் சொன்ன மேட்டை அது பெரிதும் ஒத்திருக்கிறது. நரம்புப் பின்னல்களுக்கு அந்தப் பழைய மாதிரி கற்பிக்கப்படவில்லை என்பதை நினைவில் கொள்ள வேண்டும். கட்டுரையின் மிக வலுவான பகுதி இதுவே என்பது நம் கருத்து. துகள் இயற்பியலில் எழுந்து மறைந்த போலிச் சமிக்ஞைகள் பல உண்டு. 2015 டிசம்பரில் பெரும் ஹாட்ரான் மோதுவியில் 75,000 கோடி எலெக்ட்ரான் வோல்ட்டு நிறையில் ஒரு புதுத் துகளின் சாயல் தோன்றிற்று. அட்லஸ் குழுவின் தரவில் அதன் வலிமை மூன்று திட்ட விலக்கத்துக்கும் மேற்பட்டிருந்தது. அடுத்த ஆகஸ்டில் கூடுதல் தரவுகள் வந்ததும் சுவடின்றி மறைந்தது. அம்மேடு அந்த இடத்தில் எழும் என்று முன்னறிந்து சொன்னவர் எவருமில்லை. இங்கோ இடம் நாற்பதாண்டுகளுக்கு முன்பே குறிக்கப்பட்டுவிட்டது. மூன்று திட்ட விலக்கம் என்னும் ஒரே எண் இவ்விரு நேர்வுகளிலும் ஒரே எடையைப் பெறாது.

இப்பெருமையைக் கூறிய பின்னரே குறைகளைக் கூற வேண்டும். கட்டுரையின் தலைப்பில் ஆசிரியர்கள் வைத்த சொல் 'சான்று'. இத்துறையில் அச்சொல்லுக்கு வரையறுத்த பொருள் உண்டு. மூன்று திட்ட விலக்கம் என்றால், உள்ளுறை ஏதும் இல்லாதபோதும் தற்செயலாக இத்தகைய மிகையோ குறையோ தோன்றுவதற்கான வாய்ப்பு ஏறத்தாழ 370இல் ஒன்று, அவ்வளவே சான்று. கண்டுபிடிப்பு என்று உரைக்க ஐந்து திட்ட விலக்கம் வேண்டும். அங்கே அவ்வாய்ப்பு ஏறத்தாழ 17 லட்சத்தில் ஒன்றாகச் சுருங்கிவிடும். தலைப்பு இவ்வரையறையைப் பேணுகிறது. ஆனால் கட்டுரையின் சுருக்கவுரையோ உள்ளுறைச் சார்மின் இருப்பை மூன்று திட்ட விலக்க அளவில் 'நிறுவுவதாக' அறிவிக்கிறது. சான்று வேறு, நிறுவுதல் வேறு. நீதிமன்றத்தில் சாட்சி ஏறுவதும் தீர்ப்பு வாசிக்கப்படுவதும் ஒன்றாகா. செய்தியாளர் பெரும்பாலும் சுருக்கவுரையோடு நின்றுவிடுவர். எனவே அவர்களுடைய மிகைக்கு அவர்களை மட்டும் பழிப்பது முறையாகாது.

மூன்று என்னும் எண்ணிக்கையும் எவ்வாறு வந்தது என்று பார்க்க வேண்டும். அடிப்படைத் தரவுத் தொகுதியில் மட்டும் அது ஏறத்தாழ இரண்டரை. மூன்றாக உயர்த்துவன இரண்டு கூடுதல் தரவுகள். ஒன்று, செர்னின் எல்.எச்.சி.பி. குழு இசட் துகளும் சார்மும் சேர்ந்து பிறப்பதை அளந்தது. இக்கருவி கற்றைத் திசையை ஒட்டிய பகுதியை நோக்கி நிற்பது. அத்திசையில் இசட் பிறக்க வேண்டுமானால் ஒரு புரோட்டானிலிருந்து பெரு உந்தமுள்ள துகள் வந்தாக வேண்டும். எனவே உள்ளுறைச் சார்மைத் தேட இதைவிடப் பொருத்தமான சாளரம் அமைவது அரிது. அங்கே கற்றையை மிக ஒட்டிய பகுதியில், உள்ளுறையை எதிர்பார்ப்போர் கணித்த அளவுக்கு மிகை தெரிந்தது. ஆனால் அந்த அளவீடு மூன்றே பிரிவுகள் கொண்டது, எண்ணிக்கையும் குறைவு. மற்றொன்று, மேலே கண்ட 1983ஆம் ஆண்டு ஐரோப்பிய மியூவான் தரவு! நாற்பதாண்டுகள் ஐயத்துக்குள்ளான சாட்சியை மீண்டும் கூண்டில் ஏற்றும்போது, அதன் சொல்லுக்கு எவ்வளவு மதிப்புத் தருகிறோம் என்பதை உரக்கச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஆசிரியர்கள் இதை மறைக்கவில்லை. இரண்டு முடிவுகளையும் தனித்தனியே காட்டியே இருக்கிறார்கள். ஆனால் சுருக்கவுரையில் ஏறியது மூன்று என்பது மட்டுமே.

மொத்த அளவைப் பார்த்தால் நிலைமை இன்னும் நெருக்கடியானது. உள்ளுறைச் சார்ம் சுமக்கும் உந்தம் 0.62 விழுக்காடு என்று கட்டுரை கணிக்கிறது. தரவுகளால் வரும் நிச்சயமின்மை 0.28. கழித்தல் கணக்கில் இன்னும் கணக்கிடப்படாத உயர்படித் திருத்தங்களால் வரும் நிச்சயமின்மை 0.54. இரண்டையும் முறைப்படி சேர்த்தால் 0.61. எச்சமும் அதன் ஐயமும் ஒரே அளவு! உள்ளுறை சுழியமாக இருக்கவும் இடமுண்டு என்றே இதற்குப் பொருள். ஆசிரியர்கள் இதற்கு விடை வைத்திருக்கின்றனர்: இவ்வையத்தின் பெரும்பகுதி சிறு உந்தப் பகுதியிலிருந்து வருவது, மேடு எழும் பெரு உந்தப் பகுதியில் திருத்தங்கள் சிறியவை, எனவே மேடு மேடுதான். ஏற்கத்தக்க விடையே. ஆனால் அப்படியாயின், சார்ம் புரோட்டானின் உந்தத்தில் இத்தனை விழுக்காட்டைச் சுமக்கிறது என்று ஓர் எண்ணை எவரும் பரப்ப இயலாது. மேட்டின் இருப்பு பற்றிய கூற்றையும் மொத்த அளவு பற்றிய கூற்றையும் பிரித்தே ஆள வேண்டும்.

சி-டெக் மரபில் வந்த மற்றொரு ஆய்வுக் குழு 2022 நவம்பரில் தன் மறுப்பை முன்வைத்தது. 2023இல் அது இதழில் வெளியாயிற்று. குஸ்ஸி, ஹாப்ஸ், சியே, நடோல்ஸ்கி முதலியோர் அதன் ஆசிரியர்கள். ஏறத்தாழ அரை விழுக்காட்டுச் சார்மைத் தரவுகள் இலேசாக விரும்புவதாக அவர்களும் கண்டனர். ஆயினும் அவ்விருப்பம் உறுதியான முடிவுக்குப் போதாது என்றனர். அவர்கள் செய்த ஒரு சொற்பிரிவு நம் கவனத்துக்குரியது. தரவுகளோடு பொருத்தும்போது வெளிப்படும் சார்மை அவர்கள் 'பொருத்தச் சார்ம்' என்கிறார்கள். புரோட்டானின் அலைச்சார்பில் உறைவதே உள்ளுறை. முன்னதற்குள் உள்ளுறையோடு, கணிப்பில் விடுபட்ட திருத்தங்களும், வேறு எங்கும் இடமில்லாமல் அங்கே வந்து ஒதுங்கிய பிழைகளும் அடங்கியிருக்கலாம். கழித்தலில் மிஞ்சுவதையெல்லாம் ஒரு பொருளின் பெயரால் அழைத்துவிடும் மனப்போக்குக்கு இது தக்க கடிவாளம். எல்.எச்.சி.பி. அளந்த வினைக்குத் தேவையான நுட்பம் வாய்ந்த கணிப்பு அப்போது முழுமையடைந்திருக்கவில்லை என்பதும் அவர்களுடைய கண்டனத்தின் ஒரு கூறு. இரு குழுவினரும் ஏறத்தாழ ஒரே தரவுகளை வைத்துக்கொண்டு, ஏறத்தாழ ஒரே எண்ணைக் கண்டு, அந்த எண்ணின் எடையைப் பற்றி மட்டும் மாறுபடுகிறார்கள். நம் தீர்ப்பைக் கேட்டால், சொல்லாட்சியில் இரண்டாம் குழுவினரே கவனமானவர்கள். கருத்தின் துணிவு முதற்குழுவினருடையது.

இதனால் யாருக்கென்ன என்று கேட்போர் உண்டு. தென் துருவத்தில் பனிக்கட்டியின் ஆழத்தில் ஒரு கன கிலோமீட்டர் பரப்பில் விரிந்து கிடக்கிறது ஐஸ்கியூப் என்னும் கருவி. அண்டவெளியின் தொலைவிலிருந்து வரும் பேராற்றல் நியூட்ரினோக்களை 2013இல் அது முதன்முதலாக அறிவித்தது. ஆனால் நியூட்ரினோக்கள் நம் வளிமண்டலத்திலும் பிறக்கின்றன. அண்டக் கதிர்ப் புரோட்டான் காற்றின் அணுக்கருவை மோதும்போது சார்ம் துகள் பிறந்தால், அது கணத்துக்குள் சிதைந்து மிகுந்த ஆற்றலுள்ள நியூட்ரினோவை விடுகிறது. வானத்தின் தொலைவிலிருந்து வந்தது எது, நம் தலைக்கு மேலே பிறந்தது எது என்று பிரிக்க வேண்டுமானால், பெரு உந்தத்தில் எவ்வளவு சார்ம் இருக்கிறது என்பது தெரிந்தாக வேண்டும். ரஞ்சன் லாஹாவும் பிராட்ஸ்கியும் 2017இல் இத்தொடர்பைத் திருப்பிப் போட்டு, ஐஸ்கியூபின் அளவீட்டைக் கொண்டே உள்ளுறைச் சார்முக்கு எல்லை வகுக்கலாம் என்று காட்டினர். புரோட்டானின் உள்ளே ஒரு விழுக்காட்டின் பின்னத்துக்காக நடக்கும் வழக்கு, விண்மீன் மண்டலங்களைப் பற்றிய வழக்கிலும் சாட்சியாக வந்து நிற்கிறது. ஜெனீவாவிலும் கற்றைக்கு நேரே, மோதும் இடத்திலிருந்து 480 மீட்டர் தள்ளி வைக்கப்பட்ட ஃபேசர் என்னும் சிறு கருவி, மோதுவியில் பிறந்த நியூட்ரினோக்களை 2023இல் கண்டது. அவற்றுள்ளும் சார்மின் சிதைவில் வருவன உண்டு.

வழக்கைத் தீர்க்கக்கூடிய சாட்சி எது? நம் நோக்கில் அது மேட்டின் உயரமன்று. சார்முக்கும் எதிர்ச்சார்முக்கும் இடையிலான வேறுபாடு. குளூவான் பிரியும்போது இரண்டையும் ஏறத்தாழச் சமமாகவே பெறும். அங்கே எழக்கூடிய வேற்றுமை மிகமிக நுண்ணியது. உள்ளுறையிலோ அவ்வாறு இருக்கத் தேவையில்லை. புரோட்டான் சிறு கணம் லாம்டா-சி என்னும் கனத்த துகளாகவும் எதிர்-டி மேசானாகவும் பிரிந்து நிற்பதாகக் கொண்டால், சார்ம் முன்னதில் இருக்கும், எதிர்ச்சார்ம் பின்னதில் இருக்கும். இரு வீட்டிலும் வேறு வேறு உறவுகள். உந்தப் பங்கும் வேறாகும். இந்த ஏற்றத்தாழ்வு தெளிவாகக் காணப்பட்டால், கழித்தல் கணக்கின் பிழை என்று அதை ஒதுக்குவது எளிதன்று. வாளி கிளப்பிய கலங்கலுக்கு இடக்கை வலக்கை வேற்றுமை கிடையாது. என்.என்.பி.டி.எஃப். குழுவினரே 2023 இறுதியில் இதனையும் தேடிப் பார்த்து, 2024இல் வெளியிட்டனர். ஏற்றத்தாழ்வு இருப்பதாகவே அவர்களுக்குத் தோன்றுகிறது. எனினும் அதன் வலிமை இரண்டு திட்ட விலக்கத்தை எட்டவில்லை. இம்முறை சுருக்கவுரையின் முதல் வாக்கியத்தில் 'அறிகுறி' என்னும் சொல்லையே வைத்தனர். இரண்டாண்டுகளில் நேர்ந்த இச்சொல் மாற்றம் வரவேற்கத்தக்கது.

இசட் துகளோடு பிறப்பது டி மேசானா, எதிர்-டி மேசானா என்று எல்.எச்.சி.பி. தனித்தனியே எண்ணிச் சொல்ல வேண்டும் என்பது அவர்கள் அக்கட்டுரையில் விடுக்கும் வேண்டுகோள்களுள் ஒன்று. 2022இல் தொடங்கிய மூன்றாம் கட்ட ஓட்டத்துக்காக அக்கருவி புதுப்பிக்கப்பட்டிருக்கிறது. முந்தைய மூன்று பிரிவு அளவீட்டைப் பல மடங்கு நுண்மையாக்கும் தரவுகள் அதிலிருந்து வர வேண்டும். நியூயார்க் மாநிலத்தின் புரூக்ஹேவனில் அமையவிருக்கும் எலெக்ட்ரான்-அயனி மோதுவி, ஐரோப்பிய மியூவான் கூட்டுக்குழு இரும்பில் கண்டதைத் தனிப் புரோட்டானிலேயே சரிபார்க்கும். இவற்றுள் எது முதலில் பேசினாலும், 1980ஆம் ஆண்டின் நால்வர் குறித்துவைத்த அதே இடத்தைப் பார்த்துத்தான் பேச வேண்டியிருக்கும்.